கல்வியியல் பேராசிரியரின் படிப்புத் திட்ட உருவாக்கத்தையும் வழிகாட்டலையும் விருதால் சிறப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகக் கல்வியியல் துறையில் புதிய படிப்புகளை உருவாக்கியும், வளரும் ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வழிகாட்டியும் வரும் பேராசிரியர் ஒருவரை விருதுக்குப் பரிந்துரைக்க விரும்புவோர், அந்தப் பரிந்துரைகளை மதிப்பிடும் தேர்வுக் குழுவினர், அப்படியொரு விருதைப் புதிதாக நிறுவ எண்ணும் நிருவாகத்தினர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. பரிந்துரைக் கோப்புகளைத் தயாரித்தும் மதிப்பிட்டும் பெற்ற அனுபவமே பெரும்பாலான விடைகளுக்கு அடிப்படை. ஆகவே சில இடங்களில் பொது வழக்கத்தைச் சொல்வதோடு நில்லாமல் என் கருத்தையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் ஏற்கெனவே விருதுகள் இருக்கும்போது, இவ்விரு பணிகளுக்கெனத் தனி விருது எதற்கு?

ஆய்வு செய்தவரின் பெயர் கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே அச்சாகிவிடுகிறது. வகுப்பறையில் சிறந்து விளங்குபவரை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் நேரில் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு படிப்பை வடிவமைத்தவரின் நிலை வேறு. அந்தப் படிப்பு நன்றாக நடக்கத் தொடங்கியதும் அது துறையின் உடைமையாகிவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்துச் சேரும் மாணவருக்கு அதை யார், எவ்வளவு காலம் உழைத்து வடிவமைத்தார் என்பது தெரிய வாய்ப்பில்லை. வழிகாட்டலும் இத்தகையதே. அதன் பலன் வழிகாட்டப்பட்டவரின் பெயரில்தான் வெளியே வருகிறது. பிறர் பெயரில் விளையும் உழைப்பு என்பதால், யாராவது தேடிப் போய்ச் சேகரித்தாலன்றி இதற்கான சான்றுகள் கண்ணில் படுவதில்லை. தனி விருது இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தத் தேடல் நடக்கும்.

இந்தக் குறை நெடுநாளாக உணரப்பட்ட ஒன்று. அமெரிக்காவின் கார்னகி கல்வி அறக்கட்டளையின் தலைவராக இருந்த எர்னஸ்ட் பாயர் 1990இல் வெளியிட்ட அறிக்கையில், பல்கலைக்கழக ஆசிரியரின் புலமையைக் கண்டுபிடித்தல், ஒருங்கிணைத்தல், பயன்படுத்துதல், கற்பித்தல் என நான்காக வகுத்து, முதலாவதை மட்டுமே அளந்து மற்ற மூன்றையும் ஒதுக்கும் போக்கைக் கேள்விக்குள்ளாக்கினார். கனடாவில் சிறந்த பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கென 1986 முதல் வழங்கப்பட்டுவரும் 3எம் தேசியக் கற்பித்தல் தகைமை என்ற விருது, வகுப்பறைத் திறனோடு கல்வித் தலைமையையும் சேர்த்தே மதிப்பிடுகிறது. அறிவியல், கணிதம், பொறியியல் துறைகளில் வழிகாட்டுவோருக்கான அமெரிக்கக் குடியரசுத் தலைவர் விருது 1990களின் நடுவில் நிறுவப்பட்டது. ‘நேச்சர்’ இதழ் 2005 முதல் அறிவியல் வழிகாட்டலுக்கென விருது வழங்கிவருகிறது. கல்வியியல் துறைகளும் தங்கள் அளவில் இதைச் செய்ய வேண்டியதற்குக் கூடுதல் காரணம் உண்டு: அங்கே பயில்பவர்கள் தாங்களே ஆசிரியர்களாகப் போகிறவர்கள். தமக்கு வழிகாட்டப்பட்ட விதத்தைத்தான் அவர்கள் தம் மாணவர்களிடம் கொண்டுசெல்கிறார்கள்.

படிப்புத் திட்ட உருவாக்கம் என்பதில் எவையெல்லாம் அடங்கும்?

புதிய பட்டப்படிப்பு, பட்டயப் படிப்பு, பணியிடைப் பயிற்சி ஆகியவற்றைத் தொடங்குவது மட்டுமே இதில் அடங்கும் என்று பலர் கருதுகிறார்கள். நடந்துகொண்டிருக்கும் ஒரு படிப்பைப் பழுது நீக்கிச் சீரமைப்பது அதைவிடக் கடினமான வேலை என்பதே என் துணிபு. புதிதாகத் தொடங்கும்போது எதிர்ப்புக் குறைவு. ஏற்கெனவே உள்ளதை மாற்றும்போதோ ஒவ்வொரு தாளுக்கும் ஓர் ஆசிரியர், ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரு பழக்கம் என்று எல்லாவற்றோடும் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஆசிரியர் பயிற்சிப் படிப்பு ஒன்றில் கற்பித்தல் பயிற்சி முழுவதும் கடைசிப் பருவத்தில் ஒரே தொகுப்பாக வைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உளவியல் தாளில் படித்ததை மாணவ ஆசிரியர் பள்ளியில் சோதித்துப் பார்ப்பதற்குள் ஓராண்டு கடந்துவிடுகிறது. சோதித்தபின் எழும் ஐயத்தைக் கொண்டுவந்து கேட்க வகுப்பும் இல்லை. இதை மாற்ற விரும்பும் பேராசிரியர், முதல் பருவத்திலிருந்தே வாரத்தில் ஒரு நாளைப் பள்ளிக்கென ஒதுக்கலாம் என்கிறார். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஒரு மாற்றத்துக்காக அவர் கால அட்டவணையைப் பிரித்து மறுபடி கோக்க வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர்களைச் சந்தித்து, தேர்வுக் காலத்தில் யாரையும் அனுப்ப மாட்டோம் என்று உறுதி தர வேண்டும். பள்ளியிலுள்ள அனுபவமிக்க ஆசிரியர்களுக்கு உற்றுநோக்கல் படிவத்தை விளக்க வேண்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைத் திருத்தி வகுக்க வேண்டும். இவை முடிந்தபின்தான் பாடத்திட்டக் குழு, கல்விக் குழு என்று படிப்படியாக ஒப்புதல் பெற முடியும். பரிந்துரைக் கோப்பில் இந்த உழைப்பு தெரிய வேண்டும்; ‘களப் பயிற்சியைச் சீரமைத்தார்’ என்ற ஒற்றை வரியில் அது மறைந்துவிடும்.

ஒரு படிப்புத் திட்டம் சிறந்தது என்பதை எந்த அளவுகோலால் முடிவு செய்வது?

மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது வழக்கம். முதலாவது, படிப்பின் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பது. கற்றல் இலக்கு, கற்பித்தல் செயல்பாடு, மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒரே திசையில் செல்ல வேண்டும் என்று கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ் 1996இல் எழுதியது இன்றும் பாடத்திட்டக் குழுக்களில் பேசப்படுகிறது. ‘வகுப்பறையில் மாணவர்களைச் சிந்திக்க வைக்கும் ஆசிரியர்’ என்பது இலக்காக இருந்து, தேர்வில் வரையறைகளை ஒப்பிக்கும்படி கேட்டால், மாணவர்கள் தேர்வைப் பார்த்துத்தான் படிப்பார்கள்.

இரண்டாவது, கோட்பாட்டு வகுப்புக்கும் பள்ளிக் களத்துக்கும் உள்ள தொடர்பு. ஆசிரியர் கல்வித் திட்டங்களை விரிவாக ஆராய்ந்த லிண்டா டார்லிங்-ஹாமண்ட், பாடங்களுக்கிடையே ஒத்திசைவு, பாடங்களோடு பின்னிய மேற்பார்வையுள்ள களப் பயிற்சி, பள்ளிகளோடு நெருக்கமான உறவு ஆகியவற்றை வலுவான திட்டங்களின் அடையாளங்களாகக் குறிப்பிடுகிறார். பாடப்பொருளை அறிவதும் அதைக் கற்பிக்கத்தக்க வடிவில் அறிவதும் வெவ்வேறு என்று அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் முன்வைத்த கருத்தும் இங்கே உதவும். கணிதம் தெரிந்தவரைக் கணிதம் கற்பிப்பவராக மாற்றும் இடம் இந்தப் படிப்பில் எங்கே இருக்கிறது என்று பரிந்துரைக் கோப்பைப் படிக்கும்போது தேட வேண்டும்.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: உருவாக்கியவர் இல்லாதபோதும் படிப்பு நடக்கிறதா? அவர் விடுப்பில் சென்ற ஆண்டில், அல்லது ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு வேறொருவருக்கு மாறிய பின், அது தளராமல் நடந்திருந்தால், அவர் படிப்பை மட்டும் உருவாக்கவில்லை, அதை நடத்தக்கூடியவர்களையும் உருவாக்கியிருக்கிறார் என்று பொருள். படிப்புத் திட்டமும் வழிகாட்டலும் ஒரே விருதில் சேர்ந்திருப்பதன் நியாயம் இந்த இடத்தில்தான் துலங்குகிறது.

சேர்க்கை எண்ணிக்கை உயர்ந்ததைச் சான்றாகக் காட்டலாமா?

காட்டலாம், அதை மட்டுமே காட்டக் கூடாது. கட்டணக் குறைப்பாலும் அரசின் நியமன அறிவிப்பாலும்கூடச் சேர்க்கை உயரும்.

பலர் சேர்ந்து செய்த பணியில் ஒருவரின் பங்கை எப்படிப் பிரித்தறிவது?

தேர்வுக் குழுக்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இது. எந்தப் படிப்பும் ஒருவரால் மட்டும் உருவாவதில்லை. பரிந்துரைப்பவர் முழுப் பெருமையையும் ஒருவருக்கே சூட்டினால், உடன் உழைத்தவர்கள் மனம் புண்படுவார்கள். அதைவிட, அப்படிச் சூட்டப்பட்ட கோப்பை நடுவர்கள் நம்பமாட்டார்கள்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், வரைவுகளின் திருத்தப்பட்ட பிரதிகள், பள்ளிகளுடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றில் எந்தக் கட்டத்தில் யார் என்ன செய்தார் என்பது பதிவாகியிருக்கும். அவற்றைப் பார்த்து, ‘களப் பயிற்சிப் பகுதியின் முதல் வரைவை எழுதியவர் இவர், மதிப்பீட்டுப் பகுதியை வேறு இருவர் எழுதினர், கருத்து வேறுபாடு எழுந்தபோது மூன்று அமர்வுகளில் பேசி இணக்கத்தை ஏற்படுத்தியவர் இவர்’ என்று துல்லியமாக எழுதுவது நல்லது. பிறர் பங்கை மனமுவந்து சொல்லும் கோப்பில் நாயகரின் பங்கு இன்னும் தெளிவாகத் தெரியும். உடன் பணியாற்றிய ஒருவரே அதை உறுதிசெய்து கடிதம் தந்தால் வேறு விளக்கமே வேண்டியதில்லை.

உண்மையிலேயே பங்குகளைப் பிரிக்க முடியாத பணி என்றால், குழுவையே பரிந்துரைக்க வழி இருக்க வேண்டும். பிரித்தானியாவில் தனிநபருக்கான தேசியக் கற்பித்தல் தகைமைக்கு அருகிலேயே, குழுக்களுக்கான கற்பித்தல் விருது 2016இல் தொடங்கப்பட்டதற்கு இதுவே காரணம். விருதை நிறுவுவோர் விதிகளை எழுதும்போதே இதற்கு இடம் வைத்துவிடுவது நல்லது.

வழிகாட்டல் என்பது முனைவர் பட்ட ஆய்வு நெறியாள்கைதானே?

அது ஒரு பகுதி மட்டுமே. நெறியாளராக நியமிக்கப்பட்டவர் தலைப்பைத் தெரிவு செய்ய உதவுகிறார், இயல்களைத் திருத்துகிறார், வாய்மொழித் தேர்வு வரை அழைத்துச் செல்கிறார். இவை அவருக்கு விதிக்கப்பட்ட கடமைகள். வழிகாட்டல் அந்த எல்லைக்குள் அடங்குவதில்லை. பணியிட வழிகாட்டலை ஆராய்ந்த கேத்தி கிராம் 1980களில் அதன் செயல்களை இரு வகையாகப் பிரித்தார். வாய்ப்புகளைப் பெற்றுத் தருதல், உரிய இடங்களில் அறிமுகப்படுத்துதல், சவாலான பொறுப்புகளை ஒப்படைத்தல், தேவையற்ற தாக்குதலிலிருந்து காத்தல் ஆகியவை தொழில் வளர்ச்சிக்கானவை. ஏற்றுக்கொள்ளுதல், மனந்திறந்து பேச இடமளித்தல், முன்மாதிரியாக இருத்தல் ஆகியவை உள வளர்ச்சிக்கானவை. பரிந்துரைக் கடிதங்களில் இரண்டாவது வகை நிறைய வரும். முதல் வகை அரிதாகவே வரும். தம் பேராசிரியர் தமக்காக எந்தக் கூட்டத்தில் பேசினார் என்பது மாணவருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. ஆகவே முதல் வகைக்கான சான்றுகளைச் சக பேராசிரியர்களிடம் கேட்டுப் பெற வேண்டும்.

கல்வியியல் துறையில் வழிகாட்டப்படுவோர் பல நிலைகளில் இருக்கிறார்கள்: பயிற்சியிலுள்ள மாணவ ஆசிரியர்கள், முதுகலை மாணவர்கள், ஆய்வு மாணவர்கள், புதிதாகப் பணியில் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள், துறையோடு இணைந்து செயல்படும் பள்ளி ஆசிரியர்கள். இவர்களில் ஒரு பிரிவினரிடமிருந்து மட்டுமே கடிதங்கள் வந்திருந்தால் தேர்வுக் குழு காரணம் கேட்பது முறை.

நல்ல வழிகாட்டலுக்கு எது சான்றாகும்? அன்பாகப் பழகினார் என்பது போதாதா?

அன்பு வேண்டும். ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவரை மற்றொருவரிலிருந்து வேறுபடுத்த முடியாது. ஏறத்தாழ எல்லாக் கடிதங்களும் அதைச் சொல்கின்றன. வழிகாட்டலின் தரம் நுணுக்கமான இடங்களில் தெரியும். நான் கண்ட வலுவான சான்றுகளில் ஒன்று, ஒரு மாணவ ஆசிரியர் தம் கடிதத்தோடு இணைத்திருந்த பழைய பாடக்குறிப்பு. பின்னங்களைக் கூட்டுவது பற்றிய பாடம் அது. பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தவை பெரும்பாலும் கேள்விகளே. ‘1/2 + 1/3 = 2/5 என்று ஒரு மாணவி விடை சொன்னால் அவள் என்ன நினைத்திருப்பாள்?’ என்பது ஒரு கேள்வி. ‘இந்தப் படத்தை நீங்கள் வரைவதற்குப் பதில் அவர்களை வரையச் சொன்னால் என்ன தெரியவரும்?’ என்பது மற்றொன்று. பக்கத்தின் அடியில், அடுத்த நாள் காலை அந்தப் பாடத்தை நேரில் பார்க்க வருவதாக ஒரு வரி.

இரண்டாவது பக்கத்தில், பாடம் முடிந்த பின் எழுதிய குறிப்பு இருந்தது. அதில் பாராட்டும் இருந்தது, குறையும் இருந்தது. இரண்டும் வகுப்பில் உண்மையில் நடந்த நிகழ்வைச் சுட்டியே எழுதப்பட்டிருந்தன. மூன்றாவதாக அதே மாணவ ஆசிரியர் பின்னர் தாமே தயாரித்த பாடக்குறிப்பு. மாணவர்கள் சொல்லக்கூடிய தவறான விடைகளைப் பேராசிரியர் கேட்காமலே அவர் முன்கூட்டி எழுதியிருந்தார். பேராசிரியரிடமிருந்து ஒரு பழக்கம் மற்றொருவருக்குக் கைமாறியதை மூன்று தாள்களில் பார்க்க முடிந்தது. எந்தப் புகழுரையாலும் இதைச் செய்ய இயலாது.

எத்தனை பேருக்கு வழிகாட்டினார் என்ற எண்ணிக்கைக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம்?

எண்ணிக்கையைத் தனியாக எடுத்துக்கொண்டால் அது தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும். அதிகமானோரைச் சேர்த்துக்கொண்டு சிலரை மட்டும் கரைசேர்த்தவரும், சிலரையே சேர்த்து அனைவரையும் கரைசேர்த்தவரும் பட்டியலில் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், இடையில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள், முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்ற விவரங்களும் சேர்ந்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. பணியிலுள்ள ஆசிரியர், குழந்தை பெற்று மீண்டும் படிக்க வந்தவர், குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவர் போன்றோருக்கு வழிகாட்டிய பேராசிரியரிடம் காலம் கூடுதலாகத்தான் ஆகும். அந்தக் கூடுதல் காலத்தைக் குறையாகக் கணக்கிடுவது அநீதி.

மாணவர்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவங்களின் மதிப்பெண்களைச் சேர்க்க வேண்டுமா?

துணைச் சான்றாகச் சேர்க்கலாம். தீர்ப்பாக வைக்கக் கூடாது. 2015இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், இணையவழி வகுப்பு ஒன்றில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தத்தம் பெயரில் ஒரு பிரிவுக்கும், மற்றவர் பெயரில் இன்னொரு பிரிவுக்கும் கற்பித்தார்கள். உண்மையில் கற்பித்தவர் யாராக இருந்தாலும், ஆணின் பெயரைக் கண்ட மாணவர்களே உயர்ந்த மதிப்பெண் இட்டார்கள். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வோ, மாணவர் இடும் மதிப்பெண்ணுக்கும் மாணவர் கற்ற அளவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்று முடிவு செய்தது. படிவத்தில் மாணவர்கள் சொந்தச் சொற்களில் எழுதும் கருத்துகள் மதிப்பெண்களைவிடப் பயனுள்ளவை. அவற்றில் சிறந்த சிலவற்றை மட்டும் பொறுக்கித் தராமல், ஒரு பருவத்தின் கருத்துகள் முழுவதையும் இணைத்தால் நம்பகம் கூடும்.

பரிந்துரைக் கடிதத்தை எப்படி எழுத வேண்டும்?

முதலில் எழுதுபவர் தமக்கும் பேராசிரியருக்கும் உள்ள உறவையும் அது எத்தனை ஆண்டுகள் நீடித்தது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். அடுத்து, தாம் நேரில் கண்ட ஒன்றிரண்டு நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு, முன்பு நிலைமை என்னவாக இருந்தது, பேராசிரியர் என்ன செய்தார், பின்பு என்ன மாறியது என்று விவரிக்க வேண்டும். ‘தன்னலமற்றவர், தொலைநோக்கு உடையவர், மாணவர்களின் இதயத்தில் இடம்பிடித்தவர்’ என்ற வரியை யாருடைய பெயரோடும் பொருத்திவிடலாம். ‘என் ஆய்வுத் தரவுகள் கருதுகோளைப் பொய்யாக்கியபோது, தலைப்பை மாற்றிவிடலாமா என்று கேட்டேன், பொய்யானதே ஒரு முடிவுதான் என்று சொல்லி, அதை ஓர் இயலாக எழுத என்னோடு நான்கு வாரங்கள் அமர்ந்தார்’ என்ற வரி ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தும். பெயரை நீக்கிவிட்டுப் படித்தாலும் இன்னார் என்று அடையாளம் தெரிந்தால், அந்தக் கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது.

பெண் பேராசிரியர்களைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. அமெரிக்க மருத்துவப் பள்ளி ஒன்றுக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, பெண்களுக்கான கடிதங்கள் சுருக்கமாகவும், ஐயம் எழுப்பும் தொடர்களை அதிகம் கொண்டும் இருந்ததைக் காட்டியது. ஆணின் திறமையைப் புகழும் அதே கை, பெண்ணின் கடின உழைப்பையும் பொறுமையையும் புகழ்ந்துவிட்டு நின்றுவிடுகிறது. வழிகாட்டலுக்கான விருதில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. பெண் செய்த வழிகாட்டலைத் தாய்மையின் இயல்பு என்று எழுதிவிட்டால், அவர் கற்றும் பயின்றும் வளர்த்துக்கொண்ட தொழில்திறன் கணக்கில் வராமலே போகும். கடிதத்தை அனுப்பும் முன், இதே சொற்களை ஓர் ஆண் பேராசிரியருக்கும் எழுதுவோமா என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்பது நலம்.

தற்போது அவரிடம் பயிலும் மாணவர்களிடம் கடிதம் கேட்கலாமா?

தவிர்ப்பதே நல்லது. தன் மதிப்பெண்ணையோ ஆய்வேட்டு ஒப்புதலையோ கையில் வைத்திருப்பவரைப் பற்றிக் கடிதம் கேட்டால், எந்த மாணவரும் மறுக்க முடியாது. மறுக்க முடியாத ஒருவரின் புகழுரைக்குச் சான்று மதிப்பு கிடையாது. படிப்பை முடித்து வெளியேறியவர்களிடம் கேட்கலாம். அவர்களிலும் வெவ்வேறு காலகட்டத்தினரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடக்க காலத்தில் பயின்றவரும் அண்மையில் முடித்தவரும் ஒரே பண்பைச் சொன்னால், அது தற்செயலானது அல்ல என்று தெரியும். தற்போதைய மாணவர்களின் கருத்து இன்றியமையாதது என்றால், பேராசிரியருக்குத் தெரியாத வகையில் தேர்வுக் குழுவே நேரடியாகக் கேட்டுப் பெறட்டும்.

ஒருவர் தம்மையே பரிந்துரைத்துக்கொள்ளலாமா?

விதி அனுமதித்தால் தாராளமாகச் செய்யலாம். தம் பணியை வெளியே சொல்லத் தயங்குபவர்களும், தம்மைப் பற்றிப் பேச ஆளில்லாத சிறிய துறைகளில் பணிபுரிபவர்களும் இந்த வழியால் மட்டுமே குழுவின் பார்வைக்கு வருகிறார்கள்.

அவர் தொடங்கிய ஒரு படிப்பு பின்னர் நிறுத்தப்பட்டுவிட்டது. அதைக் கோப்பில் மறைத்துவிடலாமா?

மறைக்க வேண்டாம். நிதி நின்றதாலோ, அரசின் கொள்கை மாறியதாலோ, வேறொரு படிப்போடு இணைக்கப்பட்டதாலோ நல்ல படிப்புகளும் நிறுத்தப்படுகின்றன. நிறுத்தப்பட்டபோது அவர் என்ன செய்தார் என்பதே தேர்வுக் குழு அறிய விரும்பும் செய்தி. இடையில் இருந்த மாணவர்கள் பட்டம் பெற வழிசெய்தாரா, படிப்பின் சிறந்த கூறுகளை வேறு படிப்புகளுக்குக் கொண்டுசென்றாரா, எது சரிவரவில்லை என்று வெளிப்படையாக எழுதிவைத்தாரா என்பனவற்றைக் காட்டினால், அந்தப் பகுதியே கோப்பின் வலுவான பகுதியாக அமையக்கூடும்.

விளைவுகளை எவ்வளவு தூரம் பின்தொடர்ந்து காட்ட வேண்டும்?

பயிற்சி மதிப்பீட்டில் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959ஆம் ஆண்டையொட்டி வகுத்த நான்கு நிலைகள் இன்றும் பயன்படுகின்றன: பங்கேற்றவர்களுக்குப் பிடித்ததா, அவர்கள் கற்றார்களா, கற்றதைப் பணியில் செய்கிறார்களா, அதனால் நிறுவனத்தில் பலன் விளைந்ததா. பெரும்பாலான கோப்புகள் முதல் நிலையோடு நின்றுவிடுகின்றன. மூன்றாம் நிலைக்குச் சென்றாலே போதும் என்பது என் கருத்து. அதாவது, அந்தப் படிப்பை முடித்தவர்கள் தம் வகுப்பறையில் என்ன மாற்றிச் செய்கிறார்கள் என்பதைச் சில நேரடி உற்றுநோக்கல்களாலும், அவர்கள் பணிபுரியும் பள்ளிகளின் தலைமையாசிரியர்களின் கூற்றுகளாலும் காட்டலாம். நான்காம் நிலையில் பள்ளி மாணவர்களின் தேர்ச்சி உயர்வை ஒரு பேராசிரியரின் கணக்கில் எழுதுவது பெரும்பாலும் மிகைப்படுத்தலாகவே முடியும். அதற்குக் காரணமாகக்கூடியவை வேறு பல உண்டு.

பணிமூப்பு உடையவர்களுக்கு முன்னுரிமை தரலாமா?

தரக் கூடாது. ஏற்கெனவே புகழ்பெற்றவருக்கே மேலும் புகழ் சேரும் போக்கைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் அறிவியல் உலகை வைத்து விளக்கினார். பெண் அறிவியலாளர்களின் பங்களிப்பு ஆண்களின் பெயரில் எழுதப்பட்டுவந்ததை அறிவியல் வரலாற்றாசிரியர் மார்கரெட் ராசிட்டர் 1993இல் எடுத்துக்காட்டினார். ஓய்வு பெறும் ஆண்டில் வழங்கும் பிரிவுபசாரப் பரிசாக இந்த விருது மாறிவிட்டால், பணியின் நடுவில் அதிகச் சுமையைத் தாங்கிக்கொண்டிருப்பவருக்கு அது ஒருபோதும் எட்டாது. ‘நேச்சர்’ விருதைப் போல, வாழ்நாள் பணிக்கு ஒன்றும் இடைக்காலப் பணிக்கு ஒன்றுமாக இரு பிரிவுகள் வைப்பது நல்ல தீர்வு.

தேர்வுக் குழுவில் யார் இருக்க வேண்டும், அவர்கள் எப்படிச் செயல்பட வேண்டும்?

துறைக்கு வெளியிலிருந்து ஒருவரும், பள்ளிக் களத்திலிருந்து ஒருவரும், படிப்பை முடித்த முன்னாள் மாணவர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். பரிந்துரைக்கப்பட்டவரின் நெருங்கிய இணையாசிரியர்களும் முன்னாள் ஆய்வு மாணவர்களும் அந்தக் கோப்பு வரும்போது விலகியிருக்க வேண்டும். மதிப்பீட்டுக் கூறுகளையும் அவற்றுக்கான மதிப்பெண் பங்கீட்டையும் கோப்புகளைத் திறப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிடுவது மிக முக்கியம். கோப்புகளைப் பார்த்த பின் அளவுகோலை வகுத்தால், மனத்துக்குப் பிடித்தவருக்கு ஏற்ற அளவுகோல் தானாகவே உருவாகிவிடும். ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியே மதிப்பெண் இட்டு ஒப்படைத்த பிறகே கூடிப் பேச வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வாய்திறக்கும் மூத்தவரின் கருத்தே குழுவின் கருத்தாகிவிடும்.

கோப்பு எத்தனை பக்கம் இருக்கலாம்?

இணைப்புகள் நீங்கலாகப் பத்துப் பக்கங்களுக்கு மேல் வேண்டாம். பக்க வரம்பு இல்லாத இடத்தில், உதவியாளர்களை அமர்த்திக் கோப்புத் தயாரிக்க வசதியுள்ளவர்களே வெல்வார்கள்.

விருது பணமாக இருக்க வேண்டுமா?

பணம் பயனுள்ளதே. ஆனால் இந்தப் பணியில் ஈடுபட்டிருப்பவர்களுக்கு மிகவும் குறைவாக இருப்பது நேரம். ஒரு பருவத்துக்குக் கற்பித்தல் பளுவைக் குறைத்து, படிப்பை மேம்படுத்தவோ தம் வழிகாட்டல் முறையைப் பதிவு செய்யவோ அனுமதிப்பது, சால்வையையும் கேடயத்தையும்விட அவருக்கு உதவும். பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் இந்த விருதுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் நிருவாகம் தெளிவுபடுத்த வேண்டும். மேடையில் போற்றிவிட்டு, பதவி உயர்வுப் படிவத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டால், இளம் ஆசிரியர்கள் எதை நம்புவார்கள் என்பது எளிதில் விளங்கும்.

விழாவில் வாசிக்கும் பாராட்டுரையில் என்ன இருக்க வேண்டும்?

கோப்பில் கிடைத்த ஒரே ஒரு நிகழ்வை முழுமையாகச் சொன்னால் போதும். பட்டங்களையும் பதவிகளையும் அழைப்பிதழில் அச்சிட்டுவிடலாம். அவரோடு பணியாற்றியவர்களின் பெயர்களை அவருடைய ஒப்புதலோடு குறிப்பிடுவது விருது பெறுபவருக்கும் நிறைவு தரும்.

தேர்வாகாதவர்களுக்கு என்ன தெரிவிக்க வேண்டும்?

முடிவைத் தெரிவிக்கும் கடிதத்தோடு, கோப்பின் எந்தப் பகுதி வலுவாக இருந்தது, எந்தச் சான்று குறைவாக இருந்தது என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் பரிந்துரைத்தவருக்கு எழுத வேண்டும். ‘களப் பயிற்சி மாற்றத்தின் விளைவைப் பள்ளிகளின் தரப்பிலிருந்து உறுதிசெய்யும் கடிதம் இல்லை’ என்று சொன்னால், அடுத்த ஆண்டுக்குள் அதைப் பெற்றுவிட முடியும். கோப்பை இரண்டு ஆண்டுகள் வரை நடப்பிலேயே வைத்திருந்து, புதிய சான்றுகளை மட்டும் சேர்க்க அனுமதித்தால், பரிந்துரைத்தவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இந்தக் கருத்துரையை எழுதும் பொறுப்பு குழுவின் தலைவருக்கு உரியது. அலுவலகத்திடம் விட்டுவிட்டால் வழக்கமான ஒற்றை வரிக் கடிதம்தான் போகும்.